அடிப்பிடித்த அக்காரவடிசல்

எங்கள் வீட்டில் சமையலை ருசி பார்க்கக் கூடாது. சமைத்து, மூடி வைத்து, பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணின பிறகுதான் யாரும் வாயில் வைக்கலாம். ஸ்ரீரங்கத்தில் இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இருபத்தேழு வருஷமாகிறது. அத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு ரசத்தைக்கூட நான் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்ததில்லை.

அப்படியென்றால் உப்பு சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று காலேஜில் கேட்பார்கள். நான் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எப்படித் தெரியும் என்றால், மூக்குதான். உப்புக்கு வாசனை கிடையாது என்று வேதியியல் துறைக்கார அம்மாள் அடித்துச் சொன்னார். உப்புப் போடாத ரசம் கொதிக்கிற வாசனையை அவர் கவனித்ததில்லை, அவ்வளவுதான். அது மொட்டையாக இருக்கும்.

பெருமாளுக்குப் போகிற பூவை முகரக் கூடாது. ரொம்ப நறுவிசானவர்கள் தளிகைக்கும், அதாவது பெருமாளுக்குச் செய்கிற சமையலுக்கும், அதே சட்டம் சொல்வார்கள். வேண்டுமென்றே குனிந்து முகர்ந்தால்தான் தப்பு, தானாக வந்து மூக்கில் ஏறுகிற ஆவிக்கு நான் பொறுப்பில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் தீர்ப்பில்தான் இருபத்தேழு வருஷமாக என் அடுப்படி நடந்தது.

போன ஐப்பசியில் ஒரு வாரம் காய்ச்சல். எழுந்து உட்கார்ந்து முதல் காபி குடித்தபோது வெந்நீரில் வேப்பிலை போட்டது மாதிரி வெறும் கசப்பு. கடைக்காரர் பழைய தூளைத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு கட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிற பழக்கம் கிடையாது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

கடைக்காரர் பொறுமைசாலி. அரைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து சுடச்சுட ஒரு கரண்டித் தூளை எடுத்து என் முகத்தருகே நீட்டினார்.

"இப்ப அரைச்சது மாமி. நீங்களே மோந்து பாருங்க."

முகர்ந்தேன். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. தூளின் சூடு மூக்கு நுனியில் பட்டது. வேறொன்றும் இல்லை. எனக்குப் பின்னால் நாலு பேர் அந்த வாசனைக்காகவே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். கடைக்காரரிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

வந்ததும் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் முகர்ந்தேன். பெருங்காய டப்பா, வேஷ்டிக்குப் போடுகிற நீலம், யூகலிப்டஸ் தைலம், செருப்பு. செருப்பைக்கூட விடவில்லை. பூட்டிய வீட்டின் கதவைத் தட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். பெருங்காயம்கூட வாயைத் திறக்கவில்லை என்றபோதுதான் பயம் வந்தது.

ஆத்துக்காரரிடம் மூக்கடைப்பு என்று சொன்னேன். அவர் திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் பிரிவுக் கண்காணிப்பாளர். எதையும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கேட்கிற சுபாவம் இல்லை. சுக்குக் கஷாயம் போட்டுக் குடி என்றார், பேப்பரை எடுத்துக்கொண்டார்.

தில்லைநகரில் ஒரு காது மூக்கு டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். சின்னப் பெண். காய்ச்சலில் வாசனை நரம்பு அடிபட்டிருக்கிறது, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றாள். தினமும் காலையும் மாலையும் லவங்கம், எலுமிச்சை, ரோஜா, தைலம் நான்கையும் முகர்ந்து பழக வேண்டும். "பொறுமையா இருங்கம்மா" என்றாள். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்கள்.

லவங்கத்தை முகர்ந்தால் லவங்கம் என்ற சொல்தான் வந்தது. அடுத்ததும் அப்படித்தான். நான்கு சொற்களை ஒரு நாளைக்கு இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிக்கொள்வதற்குத்தான் அந்த வைத்தியம் பயன்பட்டது.

ஏன் ஆத்துக்காரரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்றால், சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் கோபிக்கமாட்டார். நல்லவர். பாலும் பழமும் போதும் பெருமாளுக்கு, நீ சிரமப்படாதே என்பார். அதோடு என் தளிகை முடிந்தது. விடியற்காலையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நான் அடுப்பை மூட்டுகிற அந்த ஒன்றரை மணி நேரம்தான் இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது. மற்ற நேரமெல்லாம் யாரோ ஒருவரின் மாட்டுப்பெண், மனைவி, அம்மா, நூலகர். அதைக் கொடுத்துவிட நான் தயாராக இல்லை.

ஆனால் சொல்லாமல் இருந்ததில் வேறொரு சங்கடம். தளிகை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அறிய எனக்கு வழியே இல்லாமல் போயிற்று. பிறகு சாப்பிடும்போது என் நாக்குக்கு உப்பும் புளியும் உறைப்பும் தெரிந்தன. அவற்றைக் கை அளவிலேயே சமாளித்துவிடுவேன். ஆனால் பருப்பு காந்திவிட்டதா, தேங்காய் காறிவிட்டதா, புளி பச்சையாக நிற்கிறதா, நெய் சிக்கு வாடை அடிக்கிறதா என்பதெல்லாம் மூக்கின் இலாகா. அவர் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. அவர் சொல்லமாட்டார். பெருமாள் அமுது செய்தபிறகு அது பிரசாதம். பிரசாதத்தைக் குறை சொல்லக் கூடாது. அவருடைய அப்பா போட்ட பழக்கம். இருபத்தேழு வருஷத்தில் உப்புக் கம்மி என்று ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. இதைத் தங்கைகளிடமும் சிநேகிதிகளிடமும் எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறேன். இப்போது அதுவே என்னை அரித்தது.

அவர் சாப்பிடும்போது முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு கவளம் தொண்டையில் இறங்குகிற வேகத்தை வைத்து ரசத்தைக் கணிக்கப் பார்ப்பேன். அவருக்கு விளக்கெண்ணெய் கொடுத்தாலும் முகம் அப்படியேதான் இருக்கும்.

அந்த மாதங்களில் நான் ஒரு இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததாக நினைவில்லை. பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு காஸ் அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி வருவேன். அணைத்திருக்கும். மறுபடி போய், பாலை உள்ளே வைத்தேனா என்று நினைப்பேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பேன் முன்பெல்லாம். ஈர மணலும் பாசியுமாக ஒரு காற்று வரும். இப்போது கண்ணை மூடினால் வெறும் இருட்டுதான். நூலகத்தில் மழைக்கு நனைந்த அலமாரியை மூன்று நாள் கவனிக்காமல் விட்டுவிட்டேன். புத்தகங்கள் பூஞ்சை பிடித்த பிறகு ஒரு மாணவி வந்து, என்ன மேடம் இப்படி நாறுது என்றாள். சிரித்து மழுப்பினேன். கோயிலுக்குப் போனேன். தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரமும் இல்லை, துளசியும் இல்லை, கையில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. தண்ணீர் குடிக்கவா இவ்வளவு கூட்டத்தில் இடிபட்டு வந்தேன் என்று பெருமாளிடமே கேட்டேன். அவரும் என் ஆத்துக்காரரைப் போலத்தான்.

எல்லாவற்றையும்விட மோசமானது என் உடம்பு. என் மேல் என்ன வாசனை வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஜன்னல் பக்கம் திரும்பினால் என்னால்தான் என்று நினைப்பேன். காலையில் ஒரு குளியல், காலேஜிலிருந்து வந்ததும் ஒன்று, விளக்கேற்றும் முன் ஒன்று. ரவிக்கையின் அக்குள் பக்கத்தை இழுத்து முகர்ந்து பார்ப்பேன், முகர்ந்து என்ன லாபம் என்று என்னையே திட்டிக்கொண்டு. பவுடரைக் கொட்டிக்கொள்வேன், அது அதிகமாகிவிட்டதோ என்று கழுவுவேன். அவர் பக்கத்தில் படுப்பதையே விட்டுவிட்டேன். புழுக்கம் என்று சொல்லிக் கூடத்தில் பாய் போட்டுக்கொண்டேன். மார்கழியில் என்ன புழுக்கம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்கழி இருபத்தேழாம் நாள் ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வீடு அக்காரவடிசல். அரிசியையும் பயத்தம்பருப்பையும் பாலிலேயே வேகவிட்டு, வெல்லமும் நெய்யும் சேர்த்து, வெண்கலப் பானையில் நிதானமாகக் கிளற வேண்டிய சமாசாரம். பக்கத்திலேயே நிற்க வேண்டும். நானும் நின்றேன். பால் சுண்டுகிற நேரத்தில் அடுப்புச் சூட்டில் முதுகு வியர்த்தது. வியர்த்தது என்றதும் பரபரப்பு வந்துவிட்டது. இந்த உடம்போடா பெருமாளுக்குச் செய்கிறோம் என்று தோன்றியது. அடுப்பைத் தணித்துவிட்டுப் போய் இரண்டு சொம்பு தண்ணீர் விட்டுக்கொண்டு, ரவிக்கை புடவை மாற்றிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் மேலே அழகாகத் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கிளறினேன். கரண்டி அடியில் கொஞ்சம் இழுத்த மாதிரி இருந்தது. சந்தேகம் வந்தது.

அப்போது ஒரு காரியம் செய்தேன். கரண்டி நுனியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை. தித்திப்பாக இருந்தது. தித்திப்புதான் நாக்குக்குத் தெரியுமே தவிர, தீய்ந்தது தெரியாது. பாவத்துக்குப் பாவம், பிரயோஜனமும் இல்லை. கையைக் கழுவிவிட்டு, நெய்யை விட்டு, முந்திரியை வறுத்துப் போட்டு, மூடி எடுத்துக்கொண்டு போய் வைத்தேன்.

அவர் மணியடித்துக் கண்டருளப் பண்ணினார். எதிர்வீட்டு மாமிக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு வாய் போட்டுக்கொண்டாள். பிரசாதம் கிடைச்சது எங்க பாக்யம் என்றாள். அவர் இலையில் இரண்டு கரண்டி விட்டேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எப்படி இருந்தது என்று வாய்விட்டே கேட்டேன். "திவ்யமா இருந்தது" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கு போனாலும் கை போகவில்லை என்று ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

ஒன்பது மணிக்குப் பாத்திரம் தேய்க்கிறவள் வந்தாள். வாசல் நடையிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்கம்மா, தெருவுக்கே தீஞ்ச வாடை அடிக்குது. உங்களுக்குத் தெரியலீங்களா?"

பானையைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கரி. இந்த வீட்டிலும் எதிர்வீட்டிலும் என்னிடம் உண்மை பேச அனுமதி உள்ள ஒரே ஆள் அவள்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. தீய்ந்த பாலைப் பெருமாளுக்கு வைத்துவிட்டு, அதற்கு முன்னால் எச்சில் வேறு பண்ணிவிட்டு, திவ்யமாக இருந்தது என்று சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். அன்று நான்கு தடவை குளித்தேன்.

தை பிறந்தது. ஒரு நாள் டாக்டரைப் பார்க்க ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டிருந்ததால் தாமதமாகக் கிளம்பினேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே ஒரு டிபன் கடை. வாசலில் உயரமான மேஜை, நின்றுகொண்டு சாப்பிடுகிறவர்கள். அவர்களில் ஒருவர் என் ஆத்துக்காரர். நெற்றியில் நான் கரைத்துக் கொடுத்த திருமண். கையில் ஒரு தட்டு வெண்பொங்கல்.

அவர் வெளியில் காபிகூடக் குடிக்காதவர். கல்யாண வீட்டிலேயே யோசித்துத்தான் உட்காருவார். வீட்டில் சாப்பிட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பொங்கலை ஊதி ஊதிச் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தால் அது ருசிக்காகச் சாப்பிடுகிறது இல்லை, பசி. இத்தனை நாளாக என் வீட்டில் அரை வயிறு சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறார். பஸ் கிளம்பிவிட்டது. நான் டாக்டரிடம் போகவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து அன்று நாலு மாணவிகளைக் காரணமில்லாமல் வைதேன்.

மாலையில் அவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன், எத்தனை நாளாக என்று. அவர் மறுக்கவில்லை. கார்த்திகையிலிருந்து என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, பிரசாதத்தைக் குறை சொல்லப்படாது என்றார். என் மூக்கு போய்விட்டது, தெரியுமா என்றேன். தெரியும் என்றார். தைலக் குப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அழுததைப் பார்த்திருக்கிறார். நீயாகச் சொல்லுவாய் என்று இருந்தேன் என்றார்.

 மூன்று மாதமாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தோமாம். ஒருத்தி குளித்துக் குளித்துத் தோல் உரிந்துபோனாள், ஒருவர் சத்திரத்தில் நின்றுகொண்டு பொங்கல் சாப்பிட்டார்.

"முன்னாடி முகரப்படாது. பின்னாடி குத்தம் சொல்லப்படாது. நடுவுல நான் எப்பத்தான் தெரிஞ்சுக்கறது? தீஞ்சதைப் பெருமாளுக்கு வெச்சேனே, அது குத்தமில்லையா? அதை நீங்க திவ்யம்னேளே, அது பொய்யில்லையா?"

அவர் கை கால் அலம்பிக்கொண்டு வந்து வெகுநேரம் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். நாக்கில் வைத்துப் பார்த்ததையும் அப்போதே சொல்லிவிட்டேன். அதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். 

மறுநாள் காலை நான் துவரம்பருப்பை வைக்கும்போது பின்னால் கரகரவென்று சத்தம். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் போட்டுக்கொண்டிருந்தார். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பேப்பரைப் பிரித்தார்.

"நான் ஒண்ணும் முகரலை. தானா வரது" என்றார், பேப்பருக்குள்ளிருந்து.

என் தீர்ப்பேதான். நான் அதை அவரிடம் சொன்னதே இல்லை.

முதல் வாரம் உபயோகமே இல்லை. என்ன வாசனை வருகிறது என்றால் நன்னா இருக்கு என்பார். நன்னா இருக்கு என்பது ஒரு வாசனையா என்று பாய்ந்தேன். பச்சை வாசனையா, கொதி வாசனையா, வறுத்ததா, காந்தினதா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். ஐம்பத்தேழு வயதில் அவர் இதெல்லாம் தனித்தனி என்று தெரிந்துகொண்டார். பிறகு ஆபீஸில் குறிப்பு எழுதுகிற மாதிரி ஆரம்பித்தார். புளியின் பச்சை வாசனை இன்னும் விலகவில்லை. பெருங்காயம் நேற்றைவிடச் சற்றுக் கூடுதல். கடுகு சரி, மிளகாய் ஒரு நிமிஷம் முன்னாலேயே எடுத்திருக்கலாம். இதைக் கேட்டுக் கடுப்பாகி, வந்து நீங்களே செய்யுங்கோ என்று கரண்டியை வைத்த நாளும் உண்டு. ஆனால் ஒரு காலையில் பேப்பரைத் தாழ்த்தாமலே "பால் அடிபிடிக்கறது" என்றார். ஓடிப்போய் இறக்கினேன். பானையில் லேசாகப் பழுப்புத்தான் கட்டியிருந்தது. அந்தப் பழுப்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

பங்குனியில் விசேஷம் ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி அக்காரவடிசல் செய்தேன். முழு நேரமும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. கண்டருளப் பண்ணிவிட்டு முதல் கிண்ணத்தைப் பாத்திரம் தேய்க்கிறவளுக்குத்தான் கொடுத்தேன். அவள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கரண்டி இருக்குமா என்று கேட்டாள். அதற்குமேல் எனக்குச் சர்டிபிகேட் தேவைப்படவில்லை.

மூக்கு திரும்பவில்லை. ஒரு நாள் லவங்கம் வந்த மாதிரி இருந்தது. நினைப்புத்தானோ என்னவோ, நம்பிச் சொல்ல முடியவில்லை. எரிச்சல் வருகிறது, அழுகையும் வருகிறது. பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வருவதும் நிற்கவில்லை. ஆனால் இப்போது உள்ளே வந்ததும், அவர் இருந்தால், காஸ் வாசனை இல்லை, போயிட்டு வா என்று கேட்காமலே சொல்லிவிடுகிறார்.

ஒரு கேள்வியை மட்டும் ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் மறுபடி திவ்யம் என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம். சித்திரை வெயிலில் ஒரு சாயங்காலம், காலேஜிலிருந்து வந்து நேராகக் குளியலறைக்குப் போகிறவள், வழியில் நின்று கேட்டுவிட்டேன்.

"என்மேல ஏதாவது நாத்தம் வரதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்தில் வந்தார். இந்தத் தடவை தானாக வருகிறது என்றெல்லாம் பாசாங்கு பண்ணவில்லை. என் கழுத்தருகே குனிந்து, நன்றாக மூச்சை இழுத்து, பெரிய ஃபைலைப் படிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

"வேர்வை வாசனை. பஸ் டீசல் கொஞ்சம். பழைய புஸ்தகம்" என்றார். பிறகு, "ஒரு தடவை குளிச்சாப் போதும்."

போய்க் குளித்தேன். விளக்கேற்றும் முன் கால் பழக்கத்தில் குளியலறைப் பக்கம் போயிற்று. திரும்பி வந்து விளக்கை ஏற்றினேன். அன்று ராத்திரி கூடத்துப் பாயைச் சுருட்டி அதன் இடத்தில் வைத்துவிட்டேன்.